காலி வண்டி எடை

புளியரையில் எடைமேடை பார்க்கிறேன்.
பாரத்தோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை.
பெரியதில் சின்னதைக் கழித்தால் சரக்கு.
வைக்கோல், எம்-சாண்ட், தக்காளி
மலையேறிப் போகிற எதற்கும் இதே கழித்தல்தான்.

என் கணக்குதான் இடிக்கிறது.

மச்சினன் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போனவனை
வேண்டாமென்று திருப்பி அனுப்பினார்கள்.
ஈரலில் கிருமி, ஹெபடைடிஸ் சி.
எந்த ஊசி, எந்தக் கத்தி, எந்தப் பல் டாக்டரின் கொறடு,
யாருக்குத் தெரியும்?
பீர் வாசனைகூட அறியாதவனை
"குடிச்சிருப்பான்" என்றது செங்கோட்டைச் சந்தை.
ஆனையப்பன் எனக்கென்று தனி பிளேடு வைத்து
அதன் உறையில் என் பேரையும் எழுதினான்,
கொட்டை எழுத்தில்.

எண்பத்துநாலு மாத்திரை. நாளுக்கொன்று.
முடிந்து மூன்று மாதம் கழித்து வந்த தாளில்
ஒரே சொல்: கண்டறியப்படவில்லை.
குழல்வாய்மொழி இலஞ்சிக்குப் பால்குடம் எடுத்தாள்.

அதற்கப்புறம்தான்
ஷட்டரைத் தூக்கக் கை வராமல் போனது.

சாரல் இறங்கினால் ஊரே அருவிக்கு ஓடுகிறது.
எனக்கு நனைகிறது, அவ்வளவுதான்.
பரோட்டாக் கடைச் சால்னா
மூன்று கடை தாண்டி மணக்கிறது.
அது யாருக்கோ மணக்கிறது.
விடிகாலை மூணு மணிக்கு முழிப்புத் தட்டி
எதிர்ச்சுவரில் லாரி வெளிச்சம் வளைவதை
எண்ணிக்கொண்டு கிடக்கிறேன்.
"ஒனக்குத்தான் ஒண்ணுமில்லையே" என்கிறார்கள்.
தாளிலும் அப்படித்தான் இருக்கிறது.
அந்த ஒன்றுமில்லைதான்
என் மேல் உட்கார்ந்திருக்கிறது.

ரப்பர் தடி ஏற்றி வரும் தங்கச்சன்
ரசீதைத் தப்பாக அடித்துவிட்டேன் என்றால்
"சாரமில்லா அண்ணாச்சி" என்று சிரிப்பான்.
பரவாயில்லை என்று அவன் பாஷையில்.
என் காதில் தமிழாகவே விழும்.
சாரமில்லை. சரிதான் தங்கச்சா.

பறவைக் காய்ச்சல் வந்த வருஷம்
செக்போஸ்டில் ஒவ்வொரு டயருக்கும் மருந்தடித்தார்கள்.
கிருமி எல்லை தாண்டக் கூடாது.
டயர் காய்ந்த பிறகும்
ரோட்டில் அந்த வெள்ளைத் தடம் நாள்கணக்கில் கிடந்தது,
அதன் மேலேயே எல்லாரும் போனோம்.

போன மாதம் புனலூர் ஆஸ்பத்திரி.
ஈரல் நல்லாயிருக்கு என்ற டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.
நர்ஸ் லிஸியம்மா மட்டும் விடவில்லை.
பாதி மலையாளம், பாதி தமிழ், ஒன்பது கேள்வி.
தூக்கம், பசி, எதிலாவது சந்தோஷம்.
ஒன்பதாவதைக் கேட்டபோது
எஸ் வளைவின் தடுப்புச்சுவர் கண்ணுக்குள் வந்தது.
நான் பேசவில்லை.
அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக்
காத்திருந்தாள்.

அப்புறம் சொன்னாள்:
"இந்தக் கிருமி வந்து போன ஆள்கள்கிட்ட
இதை நான் நெறைய பாக்குறேன்.
அதால இதுவா, இதால அதுவா, ரெண்டுக்கும் வேற காரணமா,
எனக்குத் தெரியாது.
இதுவும் சீக்குதான். அது மட்டும் தெரியும்."
பக்கத்து அறைக்கு ஒரு சீட்டு எழுதினாள்.
என் பேரை
சின்ன எழுத்தில் எழுதினாள்.

புது மாத்திரையில் வாய் உலர்கிறது.
ஷட்டர் சில நாள் தூக்குகிறேன், சில நாள் இல்லை.

நேற்று ராத்திரி வண்டி வரத்து இல்லை.
மேடையில் நானே ஏறி நின்றேன்.
இருபது கிலோவுக்கு ஒரு தரம்தான்
இதில் எண் மாறும்.
கண்ணாடிக்குள் சிவப்பாக அறுபது.
சோறு கொண்டுவந்த குழல்வாய்மொழியும்
என்னவோ தோன்றிப் பக்கத்தில் ஏறினாள். நூற்றிருபது.

"தூக்குவாளி எவ்ளோ?"
"அதெல்லாம் இதுல தெரியாது."

"தெரியாட்டி என்ன,
எனக்குக் கை வலிக்குல்லா. பிடிங்க."